எஞ்சின் நல்லாத்தான் இருக்கு, லாரிதான் நிக்குது

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் லாரி வைத்திருப்பவர்களிடம் புது வண்டி எப்படிப் போகிறது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "பழைய வண்டி மாதிரி வராதுங்க." கம்பெனிக்காரர்களிடம் கேட்டால் நேர் எதிர். இதுவரை வந்த எஞ்சின்களிலேயே இப்போதையதுதான் உறுதியானது, நம்பிக்கை இல்லாமலா இத்தனை வருஷம் வாரண்டி கொடுக்கிறோம் என்பார்கள்.

கொஞ்ச நாளாக இந்த முரணைப் பின்தொடர்ந்து ஓனர்களிடமும் மெக்கானிக்குகளிடமும் பேசி, வாரண்டி புத்தகங்களைப் படித்து, குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரப்புமே பொய் சொல்லவில்லை என்பதுதான் நான் வந்து சேர்ந்த இடம். 'எஞ்சின்' என்ற ஒரே வார்த்தையில் இரண்டு பேரும் இரண்டு வேறு விஷயங்களைச் சொல்கிறார்கள். அந்த இடைவெளியில்தான் ஒற்றை லாரி ஓனரின் பணம் போகிறது.

எது எஞ்சின்?

கம்பெனி எஞ்சின் என்று சொல்வது பிளாக், கிராங்க், பிஸ்டன், லைனர், ஹெட். இவை இன்று சீக்கிரம் போவதில்லை. உலோகம், ஆயில், பில்டர் எல்லாமே தேறியிருக்கின்றன. முன்பெல்லாம் சில லட்சம் கிலோமீட்டரில் போர் வேலைக்கு வந்த எஞ்சின்களைப் பார்த்தவர்களே இதை ஒத்துக்கொள்கிறார்கள்.

ஓனர் எஞ்சின் என்று சொல்வது, சாவியைத் திருப்பினால் லோடோடு வண்டியை நகர்த்தும் மொத்த ஏற்பாட்டையும். அதில் இப்போது பல புது ஆட்கள் சேர்ந்திருக்கிறார்கள்.

இந்தியா முழுக்க பிஎஸ்-4 விதி 2017 ஏப்ரலில் வந்தது. பிஎஸ்-5-ஐ அப்படியே தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6. கனரக எஞ்சினுக்கு நைட்ரஜன் ஆக்சைடு அளவு ஒரு யூனிட் வேலைக்கு, அதாவது ஒரு கிலோவாட்-மணிக்கு, 3.5 கிராமில் இருந்து 0.46 கிராமுக்கு இறங்கியது. டீசலில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதில் இருந்து 10 பங்காகக் குறைந்தது. ஐரோப்பா யூரோ 4, 5, 6 என்று படிப்படியாக ஏறிய தூரத்தை நாம் ஒரே தாவாகத் தாண்டினோம். ரோட்டோரம் குடியிருப்பவர்களின் நுரையீரலுக்கு இது பெரிய விஷயம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தாவலின் பாரத்தைச் சுமப்பது எஞ்சினைச் சுற்றி மாட்டப்பட்ட கருவிகள்.

சுருக்கமாகச் சொன்னால் நான்கு.

ஒன்று, காமன் ரயில் டீசல் சிஸ்டம். 1,600 பாருக்கு மேல் அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிறது. இன்ஜெக்டருக்குள் இருக்கும் இடைவெளி சில மைக்ரான்தான். டீசலில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலே கதை முடிந்தது. பழைய பம்பை டீசல் பம்ப் பட்டறையில் கழற்றி, நாசிலைச் சோதித்து மாட்டிவிடலாம். இதற்கு அப்படி முடியாது.

இரண்டு, இஜிஆர். புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்துத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே விடுவது. எல்லா மாடலிலும் இருக்காது. இருக்கும் வண்டியில் அதன் கூலர் கசிந்தால் ரேடியேட்டர் தண்ணீர் குறையத் தொடங்கும்.

மூன்று, டிபிஎஃப். சைலன்சர் பக்கம் இருக்கும் கரி வடிகட்டி. சேர்ந்த கரியை அவ்வப்போது எரித்துத் தள்ள வேண்டும். அதற்குப் புகைச் சூடு 550, 600 டிகிரி வரை ஏற வேண்டும். நெடுந்தூரம் இழுத்து ஓடும் வண்டியில் இது பாதி தானாகவே நடக்கும். ஊருக்குள் நின்று நின்று ஓடும் வண்டிக்குச் சூடு ஏறாது, கரி மட்டும் ஏறும். அப்புறம் ஓரங்கட்டி, வண்டியை ஆனில் வைத்து அரைமணி நேரம் எரிக்க வேண்டும்.

நான்கு, எஸ்சிஆர். நம் டிரைவர்கள் 'யூரியா' என்கிறார்களே, அது இங்கேதான் போகிறது. 32.5 சதவீதம் யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். சூடான புகையில் தெளித்தால் அமோனியாவாக மாறி, நைட்ரஜன் ஆக்சைடைச் சாதாரண நைட்ரஜனாகவும் நீராவியாகவும் பிரித்துவிடும்.

இந்த நான்கையும் ஒரு டஜனுக்கு மேற்பட்ட சென்சார்கள் கண்காணிக்கின்றன. ஓனரின் பார்வையில் இவை எல்லாமே எஞ்சின்தான். கம்பெனியின் பார்வையில் இவை தனித்தனிப் பாகங்கள், ஒவ்வொன்றுக்கும் வாரண்டி புத்தகத்தில் தனித்தனி வரி.

மஞ்சள் விளக்கு

யூரியா தீர்ந்துபோனாலோ, தண்ணீர் கலந்திருந்தாலோ, சென்சார் தப்பாகச் சொன்னாலோ, டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும். கவனிக்காமல் விட்டால் வண்டி தன் இழுவையைத் தானே குறைத்துக்கொள்ளும். பிஎஸ்-6-க்கு முன்மாதிரியான ஐரோப்பிய யூரோ 6 விதிப்படி, முதல் கட்டத்தில் இழுவையில் கால் பங்கு போகும். அதற்கும் அசையாவிட்டால் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரில் கட்டிப்போடப்படும்.

இதில் எஞ்சின் கெட்டுப்போகவே இல்லை என்பதைக் கவனியுங்கள். புகையைச் சுத்தம் செய்யாமல் ஓட்டக் கூடாது என்பதற்காகச் சட்டமே வைக்கச் சொன்ன பூட்டு அது. பழைய வண்டி முக்கி முனகி, கரும்புகை கக்கிக்கொண்டாவது ஊர் வந்து சேரும். புது வண்டி நல்ல உடம்போடு பாதி வழியில் உட்கார்ந்துகொள்ளும். "பழைய வண்டி மாதிரி வராது" என்ற பேச்சில் இருக்கும் உண்மை இதுதான். எத்தனை தடவை கெடுகிறது என்பதை விட, கெட்டால் வீடு வந்து சேருமா என்பதை வைத்துத்தான் ஓனர் ஒரு வண்டியை நம்புகிறார்.

மூன்று தடவை, பன்னிரண்டு நாள்

ஒரு ஓனர் சொன்னதை அவர் அனுமதியோடு எழுதுகிறேன். ஒரே வண்டி, அவரே டிரைவர். வெளியூர் போகும்போது ஒரு ஆக்டிங் டிரைவரைக் கூட்டிக்கொள்வார். வாரண்டி காலம் பாதிகூட முடியவில்லை.

முதல் தடவை விளக்கு எரிந்து, இழுவை போனது. சர்வீஸ் சென்டரில் லேப்டாப் போட்டுப் பார்த்துப் புகைச் சென்சாரை மாற்றினார்கள். பாகம் வர நேரமானதால் நான்கு நாள். மூன்று வாரம் கழித்து அதே விளக்கு. இந்தத் தடவை யூரியா தெளிக்கும் இன்ஜெக்டரை மாற்றினார்கள், ஐந்து நாள். அடுத்த மாதமே ஆந்திராவில் வைத்து மூன்றாவது தடவை. அங்கிருந்த ஒரு வயசான எலக்ட்ரீஷியன் சேஸிஸ் அடியில் படுத்துப் பார்த்து, ஒயர் கட்டு ஒன்று பிராக்கெட்டில் உரசி உள்ளே தேய்ந்திருப்பதைக் கண்டுபிடித்தார். அதை மாற்றி எடுக்க மூன்று நாள். அதோடு விளக்கு அணைந்தது.

மூன்று பில்லிலும் கஸ்டமர் கட்ட வேண்டிய தொகை பூஜ்யம். கம்பெனி தன் வார்த்தையைக் காப்பாற்றிவிட்டது, சட்டப்படி குறை சொல்ல முடியாது. இப்போது அவர் கணக்கு: மாத டியூ 75,000 ரூபாய். நாளுக்கு 2,500 வீதம் 12 நாளுக்கு 30,000. இன்சூரன்ஸ், டேக்ஸ், பெர்மிட் எல்லாம் வருஷத்துக்கு 1,20,000 என்றால் அந்த 12 நாள் பங்கு ஏறக்குறைய 4,000. மொத்தம் 34,000. கைவிட்டுப்போன இரண்டு லோடின் வாடகை இதில் சேரவில்லை.

"பார்ட்ஸ் காசு கேட்டிருந்தாக்கூடக் குடுத்திருப்பேன்ங்க. நாளைத் திருப்பிக் குடுக்க ஆளில்லையே" என்றார்.

இந்தக் கட்டுரையே அந்த ஒரு வரியில் அடங்கிவிடுகிறது. வாரண்டி பாகத்துக்கு எழுதப்படுகிறது. நஷ்டம் நாளில் வருகிறது. வண்டி நின்ற நாளுக்கான வருமான இழப்புக்குப் பொறுப்பில்லை என்ற வரி வாரண்டி புத்தகங்களில் வழக்கமாக இருக்கும். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், சின்ன எழுத்தில்.

நூற்றில் மூன்று என்றால் என்ன?

ஒரு பாகம் வாரண்டிக்குள் நூறு வண்டிக்கு மூன்றில் பழுதாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தயாரிப்பாளருக்கு அது 97 மார்க். நூறு வண்டி வைத்திருக்கும் டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு மூன்று வண்டி நிற்கும், 97 வண்டி சம்பாதிக்கும். லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிடலாம். அவர்களைப் பொறுத்தவரை 'சராசரி' என்பது நிஜமாகவே கையில் இருக்கும் பணம்.

ஒரு வண்டிக்காரருக்குச் சராசரி கிடையாது. அவருக்குப் பூஜ்யம், இல்லையென்றால் நூறு. அதனால்தான் ஒரே மாடலைப் பற்றி ஒருவர் தங்கம் என்பார், இன்னொருவர் தரித்திரம் என்பார். இரண்டுமே அவரவர் அளவில் சரியான தகவல். 'இந்த மாடல் நல்லதா?' என்று நாலு ஓனரைக் கேட்டு முடிவெடுப்பது சிரமமாக இருப்பதற்கும் காரணம் இதுதான். எண்ணிக்கையை விட, நின்ற வண்டியை எத்தனை நாளில் எழுப்பினார்கள் என்று கேட்பது உபயோகமான கேள்வி. அந்தப் பதில் ஓனருக்கு ஓனர் அவ்வளவாக மாறாது. அது அந்த ஊர் சர்வீஸ் சென்டரைப் பொறுத்தது.

'உங்க தப்பு' என்று சொல்லும் இடங்கள்

வாரண்டி மறுக்கப்படுவதற்கான வழக்கமான காரணங்களைப் பார்த்தால், பாதி புதுக் கருவிகள் சம்பந்தப்பட்டவை.

யூரியா முதல் சந்தேகம். ஐஎஸ்ஓ 22241 தரத்தில் இருக்க வேண்டிய திரவம் அது. வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். அதில் இருக்கும் உப்புகள் இன்ஜெக்டரை அடைத்து, வினையூக்கியைப் பாழாக்கிவிடும். நல்ல சரக்கையே கொளுத்தும் வெயிலில் மாதக்கணக்கில் வைத்திருந்தாலும் தரம் இறங்கும்.

அடுத்தது ஆயில். டிபிஎஃப் உள்ள எஞ்சினுக்குச் சாம்பல் குறைவாக விடும் ஆயில் தேவை. சிகே-4 என்று டப்பாவில் போட்டிருப்பது அந்த வகை. கரியை எரித்துவிடலாம், ஆயில் சாம்பலை எரிக்க முடியாது. வடிகட்டியிலேயே தங்கி அடைத்துவிடும். பழைய வண்டிக்கு வாங்கிய ஆயில் மீதி இருக்கிறதே என்று புது வண்டியில் ஊற்றுவது காசைச் சேர்த்துவைப்பது போலத் தெரியும். வாரண்டிக்காரர்கள் ஆயில் பில்லைக் கேட்கும்போதுதான் விலை தெரியும்.

மூன்றாவது, எமுலேட்டர். யூரியா சிஸ்டத்தை ஏமாற்ற ஒரு சின்னப் பெட்டியை மாட்டிக்கொள்வது. மறுபடி மறுபடி நின்ற வண்டியின் ஓனருக்கு இந்த ஆசை ஏன் வருகிறது என்று எனக்குப் புரிகிறது. ஆனால் மாட்டிய நிமிடத்தோடு வாரண்டி பேச்சு முடிந்துவிடும். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் திருத்தி எழுதிய 182ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அதே திருத்தத்தில்தான் 110ஏ பிரிவும் வந்தது. பழுதுள்ள மாடலைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யச் சொல்லி அரசு உத்தரவிடலாம். ஆனால் அந்தப் பழுது சுற்றுச்சூழலுக்கோ, வண்டியில் இருப்பவருக்கோ, ரோட்டில் போகிறவருக்கோ தீங்கு செய்வதாக இருக்க வேண்டும். ஓனர் பிழைப்பு நின்றுபோவது அந்தப் பட்டியலில் இல்லை.

சட்டத்தின் கண்ணில் யார் நுகர்வோர்?

இங்கேதான் பல ஓனர்களுக்குத் தெரியாத ஒரு நல்ல செய்தி இருக்கிறது. 'லாரி கமர்சியல் வண்டி, கன்ஸ்யூமர் கோர்ட் நமக்குக் கிடையாது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி.

வணிக நோக்கத்துக்குப் பொருள் வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்றுதான் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கூடவே ஒரு விளக்கமும் இருக்கிறது: பிழைப்புக்காக, சுயதொழிலுக்கென்றே வாங்கித் தானே பயன்படுத்தினால் அது வணிக நோக்கத்தில் சேராது. பழைய 1986 சட்டத்தில் 1993-இல் சேர்க்கப்பட்ட விளக்கம் இது. 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பார்த்தது, கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்டிரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லக்ஷ்மி என்ஜினியரிங் ஒர்க்ஸ் போட்ட வழக்கில். இயந்திரம் வாங்கிய நிறுவனம் அந்த வழக்கில் தோற்றது. ஆனால் தீர்ப்பு கொடுத்த உதாரணங்களில் லாரியும் உண்டு. வாடகைக்கு ஓட்டத் தானே லாரி வாங்கித் தானே ஓட்டுபவர் நுகர்வோர். வாங்கி, வேறு ஆளை வைத்து ஓட்டவிட்டால் நுகர்வோர் இல்லை. உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொள்வதால் மட்டும் அந்த உரிமை போய்விடாது என்றும் தீர்ப்பு சொல்கிறது.

அதாவது, மேலே சொன்ன ஓனர்-டிரைவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பத்து லாரி வைத்திருப்பவருக்கு அந்தக் கதவு திறக்காது, அவர் சிவில் வழக்குதான் போட வேண்டும்.

இன்னும் சில விவரங்கள். கொடுத்த விலை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம். புதுச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு ஓட வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்ததில் இருந்து இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். குறையைச் சோதித்தால்தான் தெரியும் என்றால், பொருளைப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. நஷ்டஈடும் கேட்கலாம், உத்தரவாதம் இல்லை என்றாலும்.

காகிதம்

ஆனால் அந்த ஓனர் புகார் கொடுக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது மூன்று ஜாப் கார்டையும் எடுத்துக் காட்டினார். முதல் இரண்டிலும் புகார் என்ற இடத்தில் 'லைட் செக்' என்று மட்டும் இருந்தது. எரர் கோடு இல்லை. ஒரே கோளாறு மூன்று தடவை வந்தது என்பதற்குக் காகிதத்தில் சாட்சி இல்லை. மாற்றிய பழைய பாகம் வாரண்டி விதிப்படி கம்பெனிக்கே போய்விட்டது. வாரண்டியில் ரிப்பேர் செய்யும்போது அந்தப் பாகத்தோடு ஓனரின் ஆதாரமும் போய்விடுகிறது என்பதை நான் அப்போதுதான் யோசித்தேன்.

அதனால் பேசிய மெக்கானிக்குகளும் அனுபவப்பட்ட ஓனர்களும் சொன்னதைத் தொகுத்து வைக்கிறேன்.

வண்டியை உள்ளே விடும்போது புகாரை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள்: 'மேட்டில் இழுக்கவில்லை, மஞ்சள் விளக்கு எரிகிறது, இது இரண்டாம் தடவை.' உள்ளே போன தேதி, வெளியே வந்த தேதி, கிலோமீட்டர் மூன்றும் இருக்கட்டும். லேப்டாப்பில் வந்த எரர் கோடை ஸ்கிரீனோடு போட்டோ எடுங்கள். கழற்றிய பாகத்தின் நம்பரையும் போட்டோ எடுங்கள். யூரியா, ஆயில், டீசல் பில்லை ஒரு கவரில் போட்டு வையுங்கள், வண்டியிலேயே வேண்டாம், வீட்டில். பாகம் வரத் தாமதம் என்றால் 'எப்போது வரும்' என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள், போனில் வேண்டாம். போன் பேச்சைக் கோப்பில் சேர்க்க முடியாது.

இதையெல்லாம் செய்தால் வழக்கு ஜெயிக்கும் என்று சொல்லமாட்டேன். ஆனால் கோடு எழுதிய ஜாப் கார்டு இருந்தால், இரண்டாம் தடவை வரும் மெக்கானிக் முதல் தடவை மாற்றிய பாகத்தைத் தாண்டி யோசிக்கத் தொடங்குவார். அந்த ஓனர் விஷயத்தில் ஒயர் இரண்டாம் தடவையே கண்டுபிடிக்கப்பட்டிருக்கலாம்.

வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஷோரூமில் 'எத்தனை வருஷம் வாரண்டி' என்று எல்லோரும் கேட்கிறோம். 'வண்டி நின்றால் எத்தனை மணி நேரத்தில் விடுவீர்கள், விடாவிட்டால் நாளுக்கு எவ்வளவு தருவீர்கள், அதை எழுதித் தருவீர்களா' என்று கேட்டுப் பாருங்கள். விளையாட்டுக் கேள்வி இல்லை இது. நேரம் தாண்டினால் நாளுக்கு இவ்வளவு என்று எழுத்தில் கொடுக்கும் திட்டங்கள் இந்தச் சந்தையில் ஏற்கெனவே சில இருக்கின்றன. நாளுக்கு விலை போட முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. அந்த விலையை எழுதச் சொல்லி அதிகம் பேர் கேட்கவில்லை, அவ்வளவுதான்.